சிவனொளிபாதம்: இறக்கத்திலிருந்து போடும் கணக்கு

சிவனொளிபாத மலைக்குப் போக நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கலாம்?" என்பதைத்தான். எத்தனை மணிக்குக் கீழே வந்து சேர வேண்டும், அன்று மாலை எங்கே போக வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் மற்ற எந்தக் கணக்கும் சரிவராது. மலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கமாகப் போனால் சுமார் 5,500 படிகள். இதையெல்லாம் கேட்டறிந்துகொண்டு வருகிறவர்களும் ஏறுகிற நேரத்தை மட்டுமே கணக்கில் வைக்கிறார்கள். மலையில் காலை வாட்டுவது பெரும்பாலும் இறக்கம்.

இரத்தினபுரிப் பக்கத்திலிருந்தும் பாதைகள் உண்டு. அவை நீளமும் கடினமும் கூடியவை. ஒரே நாளில் ஏறி இறங்க, அதுவும் முதல் தடவை போகிறவர்களுக்கு, நல்லதண்ணிப் பாதைதான் பொருத்தம். 1344இல் இந்த மலையில் ஏறிய இப்னு பதூதாவும் இரண்டு பாதைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒன்று ஆதாமின் பெயரில் கடினமானது, மற்றது ஏவாளின் பெயரில் இலகுவானது. யாத்திரிகர்கள் திரும்பி வருவது அந்த இலகுவான பாதையால்தான் என்கிறார். களைத்த காலுக்கு நல்ல பாதையை ஒதுக்கி வைக்கும் வழக்கம் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. எனக்கு அந்தக் குறிப்பு மிகவும் பிடிக்கும்.

யாத்திரைக் காலம் டிசம்பர்ப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக்குடன் முடிகிறது. அந்த மாதங்களில் பாதை நெடுக விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் இரவெல்லாம் திறந்திருக்கும். கூட்டமே இருக்காது என்று யாராவது ஆசை காட்டினாலும் மற்ற மாதங்களில் புதியவர்கள் போக வேண்டாம். விளக்கில்லை, கடையில்லை. தென்மேல் பருவமழையில் படியெல்லாம் வழுக்கும், அட்டை வேறு ஏறும். காலத்திற்குள்ளும் போயா தினத்தையும் சனி ஞாயிறையும் தவிர்த்து வார நாளொன்றைத் தெரிவு செய்யுங்கள். நெரிசலான இரவில் உச்சிக்குக் கிட்டிய பகுதியில் நடை நின்றுபோய் வரிசையாகிவிடும். படிக்கு ஒரு தரம் நின்று நின்று நகர வேண்டியிருக்கும்.

அப்படி நிற்பதில் என்ன ஆபத்து என்பதை எனக்குச் சொன்னவர் மஸ்கெலியாத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த என் பெரியம்மா. நான் கனத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானபோது அவர் அதைக் கழற்றச் சொன்னார். "ஏறையில குளிராது தம்பி. வேர்த்து ஊத்தும். மேல போயி நிக்கையிலதான் அந்த ஈரம் ஒன்னய ஆட்டி வச்சிரும். காஞ்ச சட்டை ஒன்னு பையில வச்சுக்க." மழையிலும் பனியிலும் ஈர உடுப்போடு நாள் முழுக்க மலைச்சரிவில் நின்றவர் சொன்னது. அன்று முதல் மாற்றுச் சட்டையை ஒரு பொலித்தீன் பையில் கட்டிப் பைக்குள் வைக்காமல் நான் அந்த மலையில் கால் வைத்ததில்லை. ஏறும்போது மெல்லிய சட்டை போதும். உச்சிக்குப் போனதும் முதல் வேலை, ஈரத்தைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டு அதன்மேல் ஜாக்கெட்டை மாட்டுவது. காதை மூடும் தொப்பியும் வேண்டும். பாதச்சுவடு இருக்கும் மேல்முற்றத்தில் சப்பாத்தைக் கழற்றச் சொல்வார்கள். கல் பனிக்கட்டியாய்க் குளிர்ந்திருக்கும், அதனால் தடித்த காலுறை ஒரு சோடி மேலதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே காரணத்தால்தான் மிக முந்தி உச்சிக்குப் போவதையும் நான் விரும்புவதில்லை. பெப்ரவரியில் சூரியன் உதிக்க ஆறே கால், ஆறரை ஆகும். நிதானமாக ஏறினால் 3 முதல் 4 மணித்தியாலம் பிடிக்கும். இரண்டு, இரண்டரைக்குப் புறப்பட்டால் போதுமானது. நன்றாக நடக்கும் இளைஞர்கள் நள்ளிரவே கிளம்பி, மூன்று மணிக்கெல்லாம் மேலே போய், விடியும்வரை காற்றில் நடுங்கிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வயதானவர்களும் பிள்ளைகளும் கூட வந்தால் ஒரு மணித்தியாலம் முந்துங்கள். மிச்சமாகும் நேரத்தைக் கீழேயுள்ள தேநீர்க் கடைகளில் உட்கார்ந்து செலவிடலாம். உயரம் கூடக்கூடக் குளிரும் கூடும், சாமான் விலையும் கூடும். சில்லறைக் காசு கையில் இருக்கட்டும்.

முதல் நாள் நேரத்தோடு நல்லதண்ணிக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் அட்டன், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக பஸ். பின்னேரம் படுத்து ஐந்தாறு மணித்தியாலமாவது தூங்கியவர் ஏறுவதற்கும், பயணக் களைப்போடு நேராக ஏறுபவருக்கும் உள்ள வித்தியாசம் கடைசி ஆயிரம் படிகளில் தெரியும்.

மூச்சு முட்டுவதும் நெஞ்சு இறுக்கமும் சாதாரணக் களைப்பல்ல. மேலே வாகனம் போகாது. ஒருவருக்கு முடியாமல் போனால் மனிதர்கள்தான் தூக்கி இறக்க வேண்டும். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் வரக்கூடாது. கூட்டமாகப் போனால், ஒருவர் திரும்பினால் அவரோடு யார் திரும்புவது என்பதையும் அடிவாரத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். மேலே, அந்த நேரத்தில் அதைப் பேச யாருக்கும் மனம் வராது.

சூரியன் எழும்போது எல்லோரும் கிழக்கே பார்ப்பார்கள். நீங்கள் சற்று நேரத்தில் மேற்குப் பக்கம் வாருங்கள். மலையின் நிழல் முக்கோணமாக முகில்மீதும் சமவெளிமீதும் விழுந்து கிடக்கும், வெயில் ஏற ஏறச் சுருங்கும். எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை முறை மணியை அடிப்பது வழக்கம். மணிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். ஒற்றை மணி அடிக்கும் பிள்ளைக்குப் பின்னால் இருபது, முப்பது என்று அடித்துக்கொண்டே போகும் முதியவர் நிற்பார்.

இனி இறக்கம். புறப்படுமுன் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாக இருந்தால் ஒவ்வொரு படிக்கும் கால் முன்னே சறுக்கி விரல்கள் மோதும், நகம் கறுத்துப்போகும். இரண்டு நாளைக்கு முன்பே நகத்தை வெட்டியிருக்க வேண்டும். படிகள் ஒரே உயரமில்லை, அதனால் காலின் தாளம் தப்பிக்கொண்டே இருக்கும். முழங்கால் நடுங்கத் தொடங்கினால் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக இறங்குங்கள். தடி ஒன்று இருந்தால் இப்போதுதான் அதன் அருமை தெரியும். தண்ணீரில் பாதியை இதற்கென்றே மிச்சம் வைத்திருங்கள், எட்டு மணிக்கெல்லாம் வெயில் உறைக்கும். எதிரே ஏறிவரும் முதியவர்களுக்கு உட்புறத்தை விட்டுக்கொடுங்கள். சிங்கள யாத்திரிகர்கள் "கருணாவாய்" என்று வாழ்த்தினால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.

பிஸ்கட் உறையும் போத்தலும் கொண்டுபோன பையிலேயே திரும்பி வரட்டும். 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டுக் காடுகளில் இந்தச் சிகரக் காடும் ஒன்று. அடிவாரத்து ஊர்களும் தோட்டங்களும் குடிக்கிற தண்ணீர் இந்தச் சரிவுகளிலிருந்துதான் வருகிறது.

பத்து மணி அளவில் கீழே வந்துவிடலாம். வெந்நீரில் குளித்து, சாப்பிட்டு, படுங்கள். வான் எடுத்து வந்தவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். இரவெல்லாம் மலையில் நின்றவர் அன்று பகலில் வாகனம் ஓட்டக் கூடாது. மஸ்கெலியாவிலிருந்து அட்டன்வரை வளைவுகள் ஓயாது, நீர்த்தேக்கத்தின் ஓரமாகவும் வீதி போகிறது. மலை ஏறாமல் தூங்கிய சாரதி ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். இல்லையென்றால் இன்னோர் இரவு நல்லதண்ணியில் தங்கி, மறுநாள் காலை ரயிலுக்கு முன்கூட்டியே ஆசனம் பதிந்து வையுங்கள்.