கோடையிற் சென்னை செல்வார்க்கு வழிப்பொதி

நெடுவழிச் செல்வோர் தம்முடன் கொண்டு செல்லும் உணவைப் பண்டைத் தமிழ் நூல்கள் 'தோட்கோப்பு' என்றும் 'ஆற்றுணா' என்றும் கூறும். இவ்விரு சொற்களும் இன்று பேச்சு வழக்கில் இல்லை. எனினும் பொதி கட்டும் தொழில் ஒழிந்தபாடில்லை. ஆண்டுதோறும் சித்திரை வைகாசித் திங்கள்களில் நம் நாஞ்சில் நாட்டு இளைஞர் பலர் மேற்படிப்புக்கும், போட்டித் தேர்வுக்கும், வேலைக்கான நேர்முகத்துக்கும் சென்னைக்குப் புறப்படுகின்றனர். அவர்தம் பெட்டியில் வேண்டாதன நிறைந்திருக்கக் காண்கிறோம். வேண்டுவன பல வீட்டுக் கொடியிலும் மூலையிலும் தங்கிவிடுகின்றன. வெம்மை மிக்க நகர்க்குச் செல்வார் கொள்ளத்தக்கன எவை, தள்ளத்தக்கன எவை என்பதைக் காரணத்தோடு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வெயிலின் வேறுபாடு

"தென்கோடியில் வாழும் நமக்கு வெயில் புதிதன்று, சென்னை வெயில் நம்மை என் செய்யும்?" என்பார் உளர். இக்கூற்று ஆராயத்தக்கது. நாகர்கோவில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையிலும், சென்னை 13 பாகையிலும் உள்ளன. கதிரவன் நம் தலைக்கு நேரே வருவது ஏப்ரல் இரண்டாம் வாரத்தில். சென்னைக்கு நேரே வருவது அம்மாத நான்காம் வாரத்தில். ஞாயிற்றின் நிலையை மட்டும் நோக்கின் இரண்டிடத்தும் வெயில் ஒத்திருத்தல் வேண்டும். அங்ஙனம் இல்லாமைக்குக் காரணம் நிலத்தின் அமைப்பேயாம்.

நம் மாவட்டத்துக்கு ஒருபால் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபால் கடல். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் ஆகிய இரண்டும் நமக்கு மழை தருகின்றன. ஜூன் திங்களில் நம் ஊர்களில் வானம் மூடிச் சாரல் பெய்யத் தொடங்கும். நாகர்கோவிலினின்று வடக்கே செல்லும் புகைவண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, முப்பந்தலின் காற்றாலைகளைப் பின்னே விட்டதும், வயலும் தென்னையும் குறைந்து வறண்ட செந்நிலம் தோன்றுவதைப் பயணம் செய்தார் யாவரும் அறிவர். அவ்விடத்திலேயே நம் வானிலை முடிவுற்று வேறொரு வானிலை தொடங்குகிறது என்று கொள்ளலாம்.

சென்னை மலைக்குக் கிழக்கே, மழைமறைவில் உள்ளது. அதன் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மே, ஜூன் திங்கள்களில் மேற்கேயிருந்து வீசும் காற்று மலையில் ஈரத்தை இழந்து, காய்ந்த நிலத்தின்மீது நெடுந்தொலை கடந்து, அனலாய் அந்நகரை அடைகிறது. நண்பகலை ஒட்டி எழும் கடற்காற்றே அங்குள்ளார்க்கு ஆறுதல். மேல்காற்று வலுத்துக் கடற்காற்று பிந்தும் நாளில் வெப்பம் மிக ஏறும். 2003 மே 31-ஆம் நாள் நுங்கம்பாக்கத்தில் பதிவான வெப்பம் 45 பாகை செல்சியசு. கடற்காற்று வந்தபின் வெப்பம் தணியினும் காற்றில் ஈரம் மிகும். இரவிலும் புழுக்கம் நீங்காது.

இவ்விடத்து உடலின் இயல்பையும் அறிதல் வேண்டும. உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. சுற்றியுள்ள காற்று அதனினும் வெம்மையுறும்போது, வியர்வை ஆவியாதல் ஒன்றே உடல் குளிர்தற்கு வழி. ஒரு கிராம் வியர்வை ஆவியாகுங்கால் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. வழிந்து விழும் வியர்வையால் அப்பயன் இல்லை. ஆதலின், பெட்டி கட்டுவார் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து மூன்று வினாக்களை வினவுதல் வேண்டும்: இது வியர்வையை உலரவிடுமா? இழந்த நீரை மீட்டுத் தருமா? வெயிலைத் தடுக்குமா? கல்விச் சான்றிதழும் மருந்தும் போன்ற இன்றியமையாதன நீங்கலாக, இம்மூன்றனுள் ஒன்றும் செய்யாத பொருள் சுமையே என்க.

2. உடை

முதல் வினாவுக்கு விடை பருத்தி. உடலை இறுக்காத, வெளிர்நிறப் பருத்திச் சட்டைகள் மூன்று, வேட்டி ஒன்று, காற்சட்டை இரண்டு ஆகியன ஒரு வாரத்துக்குப் போதும்; நாள்தோறும் துவைத்துக் கொள்ளலாம். மகளிர்க்கும் இவ்விதியே பொருந்தும். உள்ளுடை மட்டும் சற்று மிகுதியாக இருத்தல் நன்று. ஈர உடையை மீண்டும் உடுத்தலே வேர்க்குருவுக்கும் தோற்புண்ணுக்கும் வழி. துடைத்துக்கொள்வதற்குத் தடித்த துவாலை வேண்டா. நம் வீடுகளில் துவர்த்து என வழங்கும் மெல்லிய பருத்தித் துண்டு இரண்டு கொள்க. அது விரைவில் உலரும், நனைத்துக் கழுத்திற் சுற்றினாற் குளிர்ச்சி தரும், தலைக்கு மறைப்பாகும், இரவில் விரிப்புமாகும். ஒரு பொருள் பல தொழில் செய்தலே பொதியின் சுமையைக் குறைக்கும் உபாயம்.

இனித் தள்ளத்தக்கன கூறுவாம். மகனை நகரத்து நேர்முகத்துக்கு அனுப்பும் பெற்றோர் பலர், கடன் பட்டேனும் மின்னும் பாலியெஸ்டர்ச் சட்டையும், கழுத்துப்பட்டியும், கோட்டும் வாங்கித் தருகின்றனர். அவர்தம் அன்பு போற்றத்தக்கது. ஆயினும் அவ்வகைத் துணி வியர்வையை உறிஞ்சாது. உடலோடு ஒட்டிப் புழுங்கச் செய்யும். தேர்வாளர் முன் நிற்பவன் முகத்தில் தோன்ற வேண்டுவது தெளிவு. மூச்சுத் திணறல் அன்று. நன்கு வெளுத்துத் தேய்த்த பருத்திச் சட்டை ஒன்றைத் தனியே மடித்து வைத்து, உரிய இடத்தை அடைந்தபின் மாற்றிக் கொள்ளுதல் சாலும்.

கோட்டைத் துறத்தல் இழிவன்று என்பதற்கு நம் ஊர் வரலாற்றிலேயே சான்றுண்டு. 1806-இல் மயிலாடிக்கு வந்து தொண்டாற்றிய ஜெர்மானியர் ரிங்கல்தௌபே, 1816-இல் இந்நாட்டை விட்டு நீங்கிச் சென்னை சென்றபோது, கோட்டு இன்றி, நாட்டிற் செய்த எளிய தொப்பியோடு காணப்பட்டார் என எழுதி வைத்துள்ளனர். குளிர்நாட்டிற் பிறந்தவர் இந்நாட்டுக்கு ஏற்ற உடையைக் கற்றுக்கொண்டார். இந்நாட்டிற் பிறந்த நாம் குளிர்நாட்டு உடையை விலை கொடுத்து வாங்கிப் புழுங்குகிறோம்.

3. நீரும் உணவும்

இரண்டாம் வினா நீரைப் பற்றியது. ஒரு லிட்டர் கொள்ளும் எவர்சில்வர்க் குப்பி ஒன்று எப்பொழுதும் கையில் இருத்தல் வேண்டும். அது பெட்டிக்குள் இருப்பதாற் பயனில்லை. வியர்வையோடு உப்பும் கழிதலின், மிக வியர்த்தபோது தண்ணீர் மட்டும் போதாது. மருந்துக் கடைகளில் விற்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் நான்கைந்து கொள்க. அது கிடையாவிடத்து, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறுகரண்டிச் சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக் கொள்ளலாம். உப்பின் அளவு மிகுதல் தீது. சிறுநீரக நோயும் இரத்த அழுத்தமும் உடையார் மருத்துவரைக் கேட்டே இதனைப் பருகல் வேண்டும். கருப்பட்டித் துண்டும் சுக்கும் சிறிது உடன் வைத்திருப்பின், எலுமிச்சை ஒன்று வாங்கிப் பானகம் கலந்து கொள்ளலாம். மோரும் இளநீரும் நுங்கும் சென்னைத் தெருக்களிலேயே கிடைக்கும். அவற்றுக்குச் சில்லறை கையிலிருந்தாற் போதும்.

வழிக்குச் சோறு கட்டுவார், புளிச்சோறோ, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்டலியோ கட்டுக. நம் சமையலில் தேங்காய் இல்லாத கறி அரிது. ஆயினும் அரைத்த தேங்காய் சேர்ந்த துவையலும் குழம்பும் வெக்கையில் விரைந்து கெடும். நேந்திரங்காய் வற்றலும் முந்திரிக்கொத்தும் நெடுநாள் கெடா. அவை அங்குள்ள உறவினர்க்கு உரியன ஆகுக. வழியில் வற்றலைத் தின்றால் நாவறட்சியே மிகும்.

4. நிழல்

மூன்றாம் வினாவே தலையாயது. நம் இளைஞர் பெரிதும் புறக்கணிப்பதும் அதுவே. 2024 அக்டோபர் 6-ஆம் நாள் சென்னைக் கடற்கரையில் விமானப்படையின் வான் சாகசக் காட்சி நடந்தது. இலட்சக்கணக்கானோர் கூடினர். வெயிலும் நெரிசலும் நீர்வேட்கையும் வருத்த, மயங்கி வீழ்ந்தோர் பலர், ஐவர் உயிரிழந்தனர். அது கத்திரி வெயிற் காலமும் அன்று என்பதை நோக்குக. நிழலில்லா வெளியில் நண்பகலில் நிற்றல், எத்திங்களிலும் உயிரோடு விளையாடுதலாகும்.

ஆதலிற் குடை ஒன்று கொள்க; அகன்ற விளிம்புடைய தொப்பியும், தரைச்சூடு தாக்காத கெட்டியான செருப்பும் கொள்க. இவற்றுட் குடையைச் சொன்ன அளவிலேயே நகைப்பார் உளர். "மழையில்லாத நாளிற் குடை பிடித்தாற் கிழவன் என்பர், நாட்டுப்புறத்தான் என்பர்" என்று கூச்சப்பட்டு, வாயிற்படி வரை கொண்டுவந்த குடையைத் தாயின் கையிலேயே திருப்பிக் கொடுத்துச் செல்கின்றனர்.

இவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலும் தென் திருவிதாங்கூராய் இருந்த இந்நிலத்தில், நாடார் முதலிய சாதியார் குடை பிடித்தலும் செருப்பணிதலும் விலக்கப்பட்டிருந்தன. இலண்டன் மிஷன் தொண்டர் சாமுவேல் மட்டீர் 1871-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலில் இத்தடைகளை எடுத்தெழுதியுள்ளார். மகளிர் மேலாடை அணிதலும் தடுக்கப்பட்டது. நெடிய போராட்டத்தின் பின், 1859 ஜூலைத் திங்களில் அரசர் வெளியிட்ட அறிவிப்பு, நாடார் மகளிர் மேனியை மறைத்துக்கொள்ள இசைந்தது. அதுவும், உயர்சாதி மகளிர் போல் அணியலாகாது என்னும் வரையறையோடு இசைந்தது.

மேலாடை, குடை, செருப்பு ஆகிய இம்மூன்றனையும் எண்ணிப் பாருங்கள். வெயிலினின்று உடலைக் காக்கும் கருவிகள் இவையே. நாள் முழுதும் வெட்டவெளியில் பனையேறியும் வயலில் உழுதும் வாழ்ந்தோர்க்கு, அவற்றின் தேவை ஏனையோரினும் மிகுதி; அவர்க்கே அவை மறுக்கப்பட்டன. அவர் உடலைச் சுட்டது ஞாயிறு மட்டும் அன்று. அவர்தம் பேரரும் பெயர்த்தியருமாகிய நமக்கு இன்று குடை பிடிக்க எவர் ஒப்புதலும் வேண்டா. இந்நிலையிற் பிறர் நகைப்புக்கு அஞ்சி அதனை வீட்டில் விட்டுச் செல்லுதல் தகுமோ?

5. காலமும் எச்சரிக்கையும்

பொருளை மட்டுமன்றிக் காலத்தையும் அறிந்து கொள்ளுதல் நன்று. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் சென்ற வழியில், பகல் வெயிலைக் கண்ணகி ஆற்றாள் என்று கருதி, நிலவொளியில் இரவிற் செல்லத் துணிந்ததைச் சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரியிறுத்த காதை கூறும். அவருடன் சென்ற கவுந்தியடிகள் கொண்டன, பிச்சைப் பாத்திரமும், தோளில் அறுவையும், கையில் மயிற்பீலியுமே. இரவுப் பயணமும் குறைந்த பொதியும் தமிழர்க்குப் பழைய அறிவே என்பது இதனாற் பெறப்படும். இந்நாளிலும் மாலையில் நம் ஊரில் வண்டியேறி, ஏறத்தாழ 700 கிலோமீட்டர் கடந்து, மறுநாட் காலையிற் சென்னையில் இறங்கலாம். இறங்கியபின் வெளிவேலைகளை முற்பகல் பதினொரு மணிக்குள்ளும் பிற்பகல் நான்கு மணிக்கு மேலும் அமைத்துக் கொள்க.

சான்றிதழ்களை வியர்வை படாத நெகிழி உறையில் இட்டு வைக்க. மருந்துகளை வெயில் படும் சன்னலோரம் வையாதொழிக. உடன் வந்தவர் தலைசுற்றலும் குமட்டலும் உற்றால் உடனே நிழலிற் சேர்த்து நீர் கொடுக்க. உடல் நெருப்பெனக் கொதித்து, பேச்சுத் தடுமாறி, அறிவு மயங்கின் அது வெப்பத் தாக்கு. உயிர்க்கு இறுதி விளைப்பது. 108-க்கு அழைத்துவிட்டு, உடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீரால் நனைத்து விசிறிக்கொண்டிருத்தல் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

நண்பர்காள், இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமின். பருத்தியாடை, துவர்த்து, நீர்க்குப்பி, உப்பும் சர்க்கரையும், கருப்பட்டி, குடை, செருப்பு: இவற்றுள் ஒன்றேனும் அரும்பொருள் அன்று, நம்மில் எளியவர் வீட்டிலும் பெரும்பாலன இருக்கின்றன. புதியன வாங்கக் கடன்படும் பெற்றோர்க்கு இதனை எடுத்துச் சொல்லுதல் கற்றவராகிய நம் கடமை. வருகின்ற கோடையில் நம்முட் பலர் சென்னைக்குச் செல்வோம். தாய் நீட்டும் குடையை மறாது வாங்கிக்கொண்டு புறப்படுவோமாக.