எண்ணெயும் இயல்பும்

எள் + நெய் = எண்ணெய் என வகுப்பிற் கற்றோம். எள்ளின் நெய்க்கே உரிய பெயர் பின்னர் எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று. பெயர் ஒன்றாயினும் இயல்பு ஒன்றன்று.

1980இல் யப்பானில் வெளிவந்த பக்மான் போன்ற, காசிட்டு ஆடும் பழைய விளையாட்டுப் பொறிகளை நோக்குக. அவற்றுட் பலவற்றில் ஜோய்ஸ்டிக்கின் தண்டு பிளாத்திக்கு உறுப்பில் உராய்ந்தே அசையும். அது இறுகின், எதனை இடுவது?

கல்முனைத் தையற்காரர் தம் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய் இரும்புக்கு ஏற்றது. ஆயினும் பெற்றோலிய எண்ணெய்கள் சிலவகைப் பிளாத்திக்கில் வெடிப்பை உண்டாக்கும். நல்லெண்ணெயோ நாளடைவிற் பிசினாகித் தூசியைப் பற்றும். ஆதலின், பழைய அழுக்கைத் துடைத்து, உராயும் இடத்தில் மட்டும் சிலிக்கன் கிறீசைப் பயறளவு பூசுக. மின்தொடுகையில் அது படலாகாது. படின் மின்னோட்டம் தடைப்படும்.

பழம்பொருள் பேணும் மாணவன், எண்ணெயைத் தேடுமுன் உராயும் பொருள் யாதென அறிவானாக.