பட்டன் கேமுக்குப் பட்டன் வேண்டும்

அன்புள்ள கயல்,

பழைய ஜாவா கேம்களை டச் போனில் ஆடிப் பார்த்தால் கைக்கு அடங்கவில்லை, அவை அப்போதே மட்டமாகத்தான் இருந்தனவா என்று கேட்டிருக்கிறாய். குறை கேமில் இல்லை. ஜே2எம்இ லோடர் போன்ற செயலி அந்த கேமின் ஜார் கோப்பை ஆண்ட்ராய்டில் ஓட்டிவிடும். ஆனால் கோப்பு கேமில் ஒரு பாதிதான். மறுபாதி பட்டன்களில் இருந்தது. 2 மேலே, 8 கீழே, 4 இடம், 6 வலம், சுடவும் தேர்வு செய்யவும் 5. அந்த 5-ன் மேடு விரலுக்குத் தட்டுப்படும் என்பதால் கண் திரையை விட்டு விலகவே வேண்டியதில்லை. கண்ணாடியில் மேடும் இல்லை பள்ளமும் இல்லை. விரல் நகர்ந்துபோனது கேமில் பந்து முள்ளில் விழுந்த பிறகுதான் தெரியும். நோக்கியாவுக்காக 2008-ல் பவுன்ஸ் டேல்ஸ் என்ற பந்து கேமைச் செய்துகொடுத்த ரோவியோ நிறுவனத்தையே பார். மறு ஆண்டு தொடுதிரைக்கென்று அது கொண்டுவந்தது ஆங்கிரி பேர்ட்ஸை. பட்டனை அழுத்துவதல்ல, விரலால் இழுத்து விடுவதுதான் அதில் ஆட்டம்.

ஆகவே உன் போனைப் பட்டன் போனாகவே நடத்து. படத்தைத் திரை முழுக்க இழுக்காதே. 240க்கு 320 புள்ளி கொண்ட கேமைச் சரியாக நான்கு மடங்காக்கினால் 960க்கு 1280 வரும். 1080க்கு 2400 திரையில் அதை மேலே ஒட்டி வைத்தால் கீழே 1120 புள்ளி மிஞ்சும்; பட்டன்களுக்கு அதுவே தாராளம், கட்டைவிரலும் படத்தை மறைக்காது. அழுத்தும்போது அதிரும் வசதியை இயக்கி வை. மேட்டுக்கு அது ஈடாகாது, ஆனாலும் அழுத்தம் பதிந்ததா என்ற சந்தேகம் தீரும்.

புளூடூத் கேம்பேட் வாங்கினால் போச்சு என்பாய். வாங்கலாம், குதித்து ஓடும் கேம்களுக்கு அதுவே நல்ல வழி. ஆனால் ஒரு கையால் பேருந்தில் ஆடத்தக்க கேமுக்கு இரண்டு கையும் மேசையும் கேட்பது கொஞ்சம் அதிகம். ஜாவா போன்களிலேயே தொடுதிரை இருந்ததே என்றும் கேட்கலாம். உண்மைதான். சாம்சங் கார்பி போன்றவற்றுக்கென்று தொடு வடிவங்கள் வந்தன. அவை கிடைத்தால் பட்டன்களை மறைத்துவிட்டு ஆடு. கிடைக்காவிட்டால் டைமண்ட் ரஷ்ஷில் தொடங்கு. ஓர் அழுத்தத்துக்கு ஒரு கட்டம் நகரும் கேம் அது, விரல் தடுமாறினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். பவுன்ஸ் டேல்ஸ் பிறகு இருக்கட்டும். அங்கே எந்த நொடியில் விரலை எடுக்கிறாய் என்பதுதான் கணக்கு. ஒரே கேம் பல திரை அளவுகளில் வந்திருப்பதால், பதிவிறக்கும்போது மேலே சொன்ன 240க்கு 320 அளவா என்று பார்த்து எடு.

அன்புடன்,
அண்ணன்