எலும்பும் உயிருள்ளதே!



"எலும்புன்னா கல்லு மாதிரித்தானே?" என்று பலர் கேட்பதுண்டு. அப்படியல்ல. எலும்பும் உயிருள்ள ஓர் இழையமே.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கோழிக் கால் எலும்பொன்றை ஒரு வாரம் வினாகிரியில் ஊற வையுங்கள். கல்சிய உப்பு கரைந்து, எலும்பு றப்பர் போல வளையும். இன்னொன்றை அடுப்பில் நன்றாகச் சுட்டெடுங்கள். நார் எரிந்துபோவதால் அது நொறுங்கும். வளைந்து கொடுப்பது நார், சுமை தாங்குவது உப்பு. கொங்கிறீட்டில் கம்பியும் சீமெந்தும் மாதிரித்தான்.

எலும்பின் வெளிப்பக்கம் இறுக்கமானது. அதனுள் நுண்ணிய கால்வாய்களில் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. உட்பக்கம் கடற்பஞ்சு போன்றது. அங்குள்ள மச்சையில்தான் இரத்தக் கலங்கள் உண்டாகின்றன.

எலும்பில் வேலை செய்யும் முக்கிய கலங்கள் மூன்று வகை:

1. கட்டும் கலம் – புது எலும்பை உண்டாக்கும்.
2. கரைக்கும் கலம் – பழைய எலும்பை அரித்தெடுக்கும்.
3. காவல் கலம் – எலும்புக்குள்ளேயே இருந்து, எங்கே பழுது என்று அறிவிக்கும்.

சுமார் 30 வயது வரை கட்டுவது கூடுதல். பிறகு கரைப்பது மெல்ல மிஞ்சும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது வேகமாக நடக்கும். அதனால்தான் மலையில் இலேசாக வழுக்கி விழுந்தாலும் அம்மாமாருக்கு மணிக்கட்டு, இடுப்பு எலும்பு முறிகிறது.

வீரமுனை வயலில் வரம்பு கட்டுபவர் விழுந்தாலும், மலையில் கொழுந்து எடுப்பவர் விழுந்தாலும், எலும்பு பொருந்துவது ஒரே விதமாகத்தான். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறையும். பிறகு மென்மையான இணைப்பு வளரும். அதில் உப்பு படிந்து இறுகும். கைக்குச் சுமார் 6 முதல் 8 வாரம், காலுக்கு 3, 4 மாதம்கூடச் செல்லலாம்.

"சும்மா சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு இறுக்கிக் கட்டினாச் சரி" என்று இருந்துவிடாதீர்கள். இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்படும். விரல் நீலித்தால், மரத்தால் தாமதமே கூடாது. அடிபட்ட பாகத்தை அசைக்காமல் தடி வைத்து இலேசாகக் கட்டி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுங்கள்.

உடம்பிலுள்ள கல்சியத்தில் 99 வீதம் எலும்பிலும் பல்லிலுமே உண்டு. குரக்கன் ரொட்டி, முருங்கைக்கீரை, எள்ளு, பால், முள்ளோடு சாப்பிடும் நெத்தலி எல்லாம் நல்லவை. இளவெயிலும் தேவை.

பிள்ளைகளுக்கு இன்று கொடுக்கும் ஒரு பிடி நெத்தலி, நாளை அவர்கள் நிமிர்ந்து நடக்க உதவும்.