ஆள்களப் பெயரும் அரசின் இறைமையும்

(க.பொ.த. உயர்தரம் – அரசறிவியல். இறைமை, பூகோளமயமாதல் ஆகிய பகுதிகளுக்கான மேலதிக வாசிப்பு)

மாணவர்களே! பெறுபேறு வெளியாகும் நாளில் நீங்கள் எல்லோரும் கைபேசியில் டொனெட்ஸ் டொட் எல்.கே. எனத் தட்டுகிறீர்கள். அதன் இறுதியில் நிற்கும் ‘டொட் எல்.கே.’ யாருடையது? வகுப்பில் கேட்டால், “இலங்கை அரசாங்கத்தினுடையது” என்றே பெரும்பாலானோர் விடை கூறுவர். பொதுஅறிவு வினாவுக்கு அது போதுமானதாக இருக்கலாம். அரசறிவியல் மாணவருக்குப் போதாது. தனது ஆள்புலத்திற்குள் அரசு கொண்டுள்ள மேலான அதிகாரமே இறைமை என்று படித்திருக்கிறோம். நாட்டின் பெயரையே தாங்கிநிற்கும் இந்த இணையப் பெயர் அந்த அதிகாரத்திற்குள் அடங்குகிறதா என்பதே இங்கு ஆராயப்படும் விடயமாகும்.

ஆள்களப் பெயர் என்பது யாது?

இணையத்தில் இணைந்துள்ள ஒவ்வொரு கணினிக்கும் இலக்கங்களாலான முகவரி உண்டு. இது ஐ.பி. முகவரி எனப்படும். இலக்கங்களை நினைவில் வைத்திருப்பது கடினம் என்பதால் அவற்றுக்குப் பதிலாகச் சொற்களாலான பெயர்கள் வழங்கப்படுகின்றன. இப்பெயர்களே ஆள்களப் பெயர்களாகும். எந்தப் பெயருக்கு எந்த இலக்கம் உரியது என்பதைத் தேடிக் கொடுக்கும் ஒழுங்கு ஆள்களப் பெயர் முறைமை ஆகும்.

இதனைத் தபால் முகவரியோடு ஒப்பிட்டால் இலகுவாக விளங்கும். பெயர், லய இலக்கம், டிவிசன், தோட்டம், தபாற்கந்தோர் என்று எழுதுகிறோம். தபாற்பகுதியோ கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கிறது. ஆள்களப் பெயரும் அவ்வாறே இறுதியிலிருந்து வாசிக்கப்படும். முதலில் எல்.கே., பின்னர் அதற்குள் டொனெட்ஸ். மலையக மாணவருக்கு இன்னொன்றும் சொல்லாமலே விளங்கும். காம்பராவுக்கென்று தனி முகவரி இல்லாத இடங்களில் கடிதம் தோட்டக் கந்தோருக்கே போய்ச் சேர்கிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்த பின் கைக்கு வந்த கதைகள் நம் பகுதியில் ஏராளம். கடிதத்தில் இருப்பது உங்கள் பெயர்தான். அது உங்களை அடைவதோ மேலே இருப்பவர் கையில். ஆள்களப் பெயர் அரசியலின் சாரமும் இதுவே.

உச்சியில் இருப்பது யார்?

எல்லாப் பெயர்களுக்கும் மேலே ‘வேர்’ எனப்படும் பட்டியல் உள்ளது. டொட் கொம், டொட் எல்.கே. போன்ற உயர்மட்டப் பெயர்கள் இதில் பதியப்பட்டுள்ளன. தொடக்க காலத்தில் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜோன் பொஸ்டல் இவ்வேலையைக் கவனித்து வந்தார். இணையம் வணிகப் பெறுமதி பெற்றதும் இப்பொறுப்பு 1998 இல் கலிபோர்னியாவில் பதிவுசெய்யப்பட்ட ஐகான் என்ற இலாப நோக்கற்ற நிறுவனத்திடம் சென்றது. அது ஐக்கிய அமெரிக்க வர்த்தகத் திணைக்களத்தின் ஒப்பந்தத்தின் கீழ் இயங்கியது. உலகம் முழுவதற்கும் பொதுவான பட்டியலை ஒரு நாட்டின் திணைக்களம் மேற்பார்வை செய்வது முறையா? 2003 ஜெனீவா, 2005 துனிஸ் தகவல் சமூக உச்சி மாநாடுகளில் இதுவே பெரும் சர்ச்சையாயிற்று. சீனா முதலிய நாடுகள் அரசுகளிடையிலான ஓர் அமைப்பிடம் இப்பொறுப்பை ஒப்படைக்க வேண்டுமென்றன. அமெரிக்கா இணங்கவில்லை. 2013 இல் ஸ்னோடன் வெளியிட்ட உளவுத் தகவல்களின் பின்னர் நெருக்குதல் அதிகரித்தது. இறுதியில் 2016 ஒக்டோபர் 1 முதல் அவ்வொப்பந்தம் முடிவுக்கு வந்தது.

அப்படியாயின் ஒரு நாட்டின் பெயரை ஐகானால் நீக்க முடியுமா? 2022 பெப்ரவரி இறுதியில் உக்ரேன் ரஷ்யாவின் டொட் ஆர்.யு. பெயரை நீக்குமாறு கேட்டது. சில நாட்களிலேயே ஐகான் மறுத்துவிட்டது. தண்டனை வழங்குவது தன் வேலையல்ல என்பதே அதன் நிலைப்பாடு. எது நாடு, எது நாடல்ல எனத் தீர்மானிப்பதையும் அது தவிர்த்துக்கொள்கிறது. ஐ.எஸ்.ஓ. 3166 என்னும் சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலில் இரண்டெழுத்துக் குறி இருந்தால் உயர்மட்டப் பெயர் கிடைக்கும். ஐ.நா. உறுப்பினரல்லாத தாய்வானுக்கு டொட் டி.டபிள்யூ. உண்டு. 2008 இல் சுதந்திரப் பிரகடனம் செய்த கொசோவோவுக்கு அப்பட்டியலில் இடம் கிடைக்காததால் தனிப் பெயர் இல்லை. நடுநிலை என்று சொல்லப்பட்டாலும் இதற்குள்ளும் அரசியல் இருப்பதைக் கவனிக்குக.

டொட் எல்.கே.

எல்.கே. என்ற பெயர் 1990 இல், நாட்டில் இணைய சேவை தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிஹான் டயஸின் முயற்சியால் பெறப்பட்டது. பாராளுமன்றச் சட்டத்தாலோ அமைச்சரவைத் தீர்மானத்தாலோ அல்ல, கல்விமான்களிடையே இருந்த நம்பிக்கையால் கிடைத்த பொறுப்பு அது. இன்று இலாப நோக்கற்ற கம்பனியாகிய எல்.கே. ஆள்களப் பதிவகம் அதனை நிர்வகிக்கிறது. எனவே இலங்கையின் பெயர் கீழே ஒரு கம்பனியின் பதிவேட்டிலும் மேலே கலிபோர்னியாவிலுள்ள ஒரு நிறுவனத்தின் பட்டியலிலும் தங்கியுள்ளது.

அரசுக்கு அதிகாரமே இல்லையென்று பொருள்கொள்ளக் கூடாது. 2007 ஜூனில் தமிழ்நெற் தளத்தை இலங்கைக்குள் பார்க்க முடியாதவாறு இணைய சேவை வழங்குநர்கள் மூலம் தடுத்தது இதற்கு உதாரணமாகும். ஆனால் அது டொட் கொம் பெயர். அதன் பதிவேடு அமெரிக்காவின் வெரிசைன் கம்பனியிடம் உள்ளது. ஆகவே கொழும்பினால் வாசலை மூட முடிந்தது, பெயரை அழிக்க முடியவில்லை. வெளிநாடுகளில் தளம் தொடர்ந்து வாசிக்கப்பட்டது. மாறாக, 2010 நவம்பரில் போலிப் பொருள் விற்பனை, பதிப்புரிமை மீறல் ஆகிய காரணங்களுக்காக அமெரிக்க அதிகாரிகள் 82 பெயர்களைக் கைப்பற்றியபோது அப்பெயர்கள் உலகம் முழுவதிலும் செயலிழந்தன. தடுத்தல், கைப்பற்றல் ஆகிய இரண்டிற்குமிடையிலான இவ்வேறுபாட்டை விடையில் தெளிவாக எழுதுக.

2021 பெப்ரவரி 6

அன்று சனிக்கிழமை. சுதந்திர தினம் முடிந்து இரண்டு நாட்கள். கூகிள் டொட் எல்.கே. உட்படச் சில தளங்களைத் திறந்தவர்கள் வேறொரு பக்கத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தேயிலைத் துறையின் பிரச்சினைகள், ஊடக சுதந்திரம், அரசியல் ஊழல், சிறுபான்மையினர் விடயங்கள் ஆகியன அதில் எழுதப்பட்டிருந்தன. கூகிளின் கணினிகளுக்குள் யாரும் நுழையவில்லை. எல்.கே. பதிவுகளில் முகவரி மாற்றப்பட்டதே நடந்தது. அதாவது, கடிதம் கிழிக்கப்படவில்லை. தபாற்பையில் விலாசம் மாற்றி ஒட்டப்பட்டது.

தோட்டங்களில் 1000 ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை உச்சத்தில் இருந்த காலம் அது. அடுத்த மாதமே 900 ரூபாய் அடிப்படைச் சம்பளமும் 100 ரூபாய் கொடுப்பனவும் வர்த்தமானியில் வெளியாயின. வேலைநிறுத்தம், கூட்டு ஒப்பந்தம் என்று பல வருடங்கள் பேசப்பட்ட விடயம் ஒரு காலைப்பொழுதில் வெளிநாட்டுத் தொழினுட்பச் செய்திகளிலும் இடம்பெற்றது. ஆயினும் இதனை வீரச்செயல் என்று விடைத்தாளில் எழுத வேண்டாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இத்தகைய ஊடுருவல் தண்டனைக்குரியது. இறைமை பற்றிய வினாவுக்கு இதிலிருந்து எடுக்க வேண்டிய குறிப்பு வேறு: கடற்படை, இராணுவம், எல்லைக் காவல் எதுவும் ஒரு பதிவேட்டில் செய்யப்பட்ட சிறு மாற்றத்தைத் தடுக்கவில்லை.

தமிழில் நாட்டின் பெயர்

2010 வரை உயர்மட்டப் பெயர்களில் இலத்தீன் எழுத்துகள் மட்டுமே இருந்தன. அவ்வாண்டில் ஏனைய எழுத்துகளுக்கும் வழி திறக்கப்பட்டபோது, இலங்கைக்குச் சிங்களத்தில் ‘லங்கா’, தமிழில் ‘இலங்கை’ என இரு பெயர்கள் வழங்கப்பட்டன. அதனைத் தொடர்ந்து ‘இந்தியா’, ‘சிங்கப்பூர்’ ஆகியவையும் தமிழ் எழுத்தில் வேரில் இடம்பெற்றன. ஏழு கோடிக்கு மேல் மக்கள் வாழும் தமிழ்நாட்டிற்கு நாட்டுப் பெயர் இல்லை, அது மாநிலம் என்பதால். மலேசியாவுக்கும் தமிழில் இல்லை. அங்கு தமிழ் அரசகரும மொழியல்ல. நமக்குக் கிடைத்ததற்குப் பின்னணியில் 1987 இன் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது இருக்கிறது. யாப்பில் எழுதப்பட்ட ஒரு வரி கணினித் திரை வரை வந்திருக்கிறது. ஆனால் திணைக்களங்களே ஆங்கில எழுத்துப் பெயரைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. நோட்டீஸ் பலகையில் மட்டும் தமிழ் இருப்பதைப் போல.

மாதிரி வினாக்கள்

1. ‘டொட் எல்.கே. இலங்கை அரசின் முழுமையான இறைமைக்கு உட்பட்டது.’ இக்கூற்றை மதிப்பிடுக. (10 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: வேர்ப் பட்டியல், ஐகான், பதிவகம் ஆகிய மூன்று மட்டங்களையும் குறிப்பிடுக. ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது. 2007, 2021 சம்பவங்களில் ஒன்றையாவது உதாரணமாகக் காட்டுக.

2. தாய்வானுக்கு உள்ள உயர்மட்டப் பெயர் கொசோவோவுக்கு இல்லாதிருப்பதற்கான காரணத்தை விளக்குக. (04 புள்ளிகள்)

3. மலேசியாவுக்கு இல்லாத தமிழ் உயர்மட்டப் பெயர் இலங்கைக்குக் கிடைத்தமையை 13 ஆம் திருத்தத்துடன் தொடர்புபடுத்தி எழுதுக. (06 புள்ளிகள்)