தம்பூராவுக்குள் ஒரு காந்தாரம்

கோட்டுகால் மருமகளுக்கு,

மக்ளே, நான் கொடுத்தனுப்பிய தமிழ்க் கணக்குப் புத்தகத்தில் 'இசைத் தொடர்முறை' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல இசை எங்க இருக்கு?" என்று கேட்டிருந்தாய். எண்களைத் தலைகீழாக்கினால் கூட்டுத் தொடர்முறை வரவேண்டும். 1, 1/2, 1/3, 1/4 போல. புத்தகம் அதோடு நிறுத்திக்கொள்கிறது. காதுக்கு ஒன்றும் தரவில்லை.

உன் வீணையை எடு. தந்தி 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சும்மா மீட்டினால் சட்ஜம். குதிரையிலிருந்து 60-இல் அழுத்தினால் பஞ்சமம், 45-இல் மேல் சட்ஜம், 36-இல் மேல் அந்தர காந்தாரம், 30-இல் மேல் பஞ்சமம். நீளம் 30, 15, 9, 6 என்று தாறுமாறாகக் குறைகிறதே என்று தோன்றும். 180-ஐ இந்த ஐந்து நீளங்களாலும் வகுத்துப் பார்: 2, 3, 4, 5, 6! தந்தி பாதியானால் அதிர்வு இரட்டிக்கும். ஆகவே நீளம் இசைத் தொடரில் இறங்கும்போது அதிர்வெண் கூட்டுத் தொடரில் ஏறுகிறது.

மெழுகில் பதித்த 24 மெட்டுகளும் இசைத் தொடர் என்று எண்ணிவிடாதே. மேலே போகப்போக நெருங்குவதைப் பார்த்துப் பலரும் ஏமாறுவார்கள். அவை ஏறக்குறையப் பெருக்குத் தொடர்.

தம்பூராவில்தான் வேடிக்கை. மந்தர சட்ஜத் தந்தி முழுசாகவும், இரண்டு பாதியாகவும், மூன்று, நான்கு, ஐந்து துண்டாகவும் ஒரே நேரத்தில் ஆடுகிறது. அந்த ஐந்தாம் ஆட்டம்தான் அந்தர காந்தாரம். யாரும் மீட்டாத ஸ்வரம் தானாகக் கேட்கும். கர்நாடக இசைப் பாடகர் நெய்யாற்றின்கரை வாசுதேவன் பிறந்த பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் விடலாமா?

உங்கள் கேரள நாட்டுக்காரர் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 14-ஆம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவன் கண்ட தொடர்: 1 − 1/3 + 1/5 − 1/7... முடிவின்றிப் போனால் π/4. கீழே 1, 3, 5, 7. குறியை மறந்துவிட்டால் அதுவும் இசைத் தொடர்தான். அதன் நிரூபணத்தை ஜேஷ்டதேவன் 16-ஆம் நூற்றாண்டில் 'யுக்திபாஷை'யில் மலையாளத்திலேயே எழுதிவைத்தார். நான் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும். நீ சரளமாக வாசிப்பாய். கொஞ்சம் பொறாமைதான்.

இன்று ராத்திரி வீடு அடங்கியதும் குதிரையிலிருந்து 18 சென்டிமீட்டரில் விரல் நுனியால் தந்தியைத் தொடு. அழுத்தாதே. மீட்டிய கையோடு விரலை எடுத்துவிடு. காந்தாரம் வந்ததா என்று எழுது.

மாமா