மலை எந்தப் பக்கம், வெளிச்சம் எந்தப் பக்கம்

அடி அண்ணாமலை

அன்புள்ள தம்பிக்கு,

உன் குறும்படத்துக்கு நீயே போஸ்டர் செய்யப் போகிறாய் என்று கேட்டதில் ரொம்ப சந்தோஷம். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் சுக்குக் காபி விற்கும் பையனின் கதைக்கு இந்த ஊர்ப் பிள்ளைதான் போஸ்டர் செய்ய வேண்டும். ஃபோட்டோஷாப் வாங்கக் காசில்லை என்று தயங்காதே. ஜிம்ப் இலவசம், உனக்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு.

முதலில் மலையைப் படம் எடு. இணையத்திலிருந்து எடுக்காதே. அது அடுத்தவர் உழைப்பு. அதோடு அங்கே கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ராஜகோபுரத்துப் பக்கத்து மலை. 14 கிலோமீட்டர் பாதையில் மலை வளைவுக்கு வளைவு உருவம் மாறும். ‘கபாலி’ (2016) போஸ்டரில் ரஜினிக்குப் பின்னால் கோலாலம்பூர் கட்டடங்களை வைத்தார்கள். கதை எந்த ஊரில் நடக்கிறது என்று பார்த்ததுமே புரிந்தது. உன் படத்துக்கு அந்த வேலையை நம் பக்கத்து மலை செய்யட்டும்.

நாம் இருப்பது மலைக்கு மேற்கே. விடியற்காலையில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வருவதால் மலை கருநிழலாக நிற்கும். பௌர்ணமி நிலாவும் அதே பக்கம்தான் எழும்பும். அதனால் விடியற்காலைப் படத்தின் நிறத்தை நீலமாக்கினால் நிலா இரவாகிவிடும், பொய்யும் தெரியாது. பையனையும் அதே மாதிரி எடு: வெளிச்சம் முதுகுப் பக்கம், முகத்தில் காபி வண்டி விளக்கின் மஞ்சள் மட்டும். நடுமத்தியானம் மொட்டை மாடியில் எடுத்த முகத்தை இரவு மலைமேல் வைத்தால், மூக்குக்கு அடியில் விழுந்த நிழலே காட்டிக்கொடுத்துவிடும். மென்பொருளில் அதை முழுசாக மறைப்பது கஷ்டம்.

மலை ஒரு லேயர், பையன் ஒரு லேயர், எழுத்து ஒரு லேயர். பையனைப் பிரிக்கும்போது அழிப்பானைத் தொடாதே. லேயர் மாஸ்க் போட்டுக்கொள். அதில் கறுப்பு தீட்டினால் மறையும், வெள்ளை தீட்டினால் திரும்ப வரும். தலைமுடி ஓரத்தில் சின்ன, மென்மையான பிரஷ் வைத்துப் பொறுமையாகப் போ. போஸ்டர் செய்வதில் பாதி நேரம் இங்கேதான் போகும், போகட்டும்.

தலைப்பை நீயே கையால் எழுதிப் பாரேன். சத்யஜித் ராய் தன் படங்களுக்குத் தானே போஸ்டர் வரைந்தார், எழுத்தையும் தானே உருவாக்கினார். வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் பட்டையாக எழுதிப் படம் எடு. ‘த்ரெஷோல்ட்’ கொடுத்தால் சாம்பல் போய்க் கறுப்பும் வெள்ளையும் நிற்கும். பிறகு ‘கலர் டு ஆல்ஃபா’வில் வெள்ளையை நீக்கு. மற்றப் பெயர்களுக்கு ‘முக்த மலர்’ போல இலவச யூனிகோடு எழுத்துரு போதும். பழைய ஃபோட்டோஷாப்பில் யூனிகோடில் ‘கொ’ அடித்தால் கொம்பு இடம் மாறி விழும். யார் கம்ப்யூட்டரில் செய்தாலும் ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார். கூட உழைத்தவன் பெயரைச் சிதைத்து அச்சடிப்பது பெரிய அவமரியாதை.

ஏ3 தாளுக்கு 3508-க்கு 4961 பிக்சல் வைத்துத் தொடங்கு. பின்னால் பெரிதாக்கினால் மங்கிவிடும். வேறு யாராவது எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்பதால் டாக்குமெண்டாக வாங்கிக்கொள். திரையில் பளபளக்கும் நீலம் அச்சில் கொஞ்சம் சோர்ந்துதான் வரும். அதனால் ஏ4-இல் ஒரு மாதிரி எடுத்து, பஸ் நிறுத்தச் சுவரில் பிடித்து எதிர்சாரியிலிருந்து பார். மலை வானத்தோடு கலந்துவிட்டால் வானத்தை இன்னும் வெளுப்பாக்கு. தலைப்பு படிக்க முடியாவிட்டால் பெரிதாக்கு. அதற்கப்புறம் ஏ3-க்குக் காசு கொடு.

அன்புடன்,
சித்தப்பா